பதினோரு சிவப்பு அம்புகள்

என் வேலை குறை கண்டுபிடிப்பது. ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் பதினேழு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பெயின்ட் அடித்து, ஓவனில் வெந்து, ஆறி வரும் கார் பாடி எங்கள் முன்னால் மெதுவாக நகர்ந்து போகும். இரண்டு பக்கச் சுவரிலும் வரிசை வரிசையாக டியூப் லைட். அந்த வெளிச்சத்தில் தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஒரு தூசி, ஒரு சின்ன வழிசல், கடுகைவிடச் சிறிய ஒரு பள்ளம், எது கண்ணில் பட்டாலும் அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அடுத்த இடத்தில் நிற்பவர்கள் அம்பைப் பார்த்து, அந்த இடத்தைத் தேய்த்து, பாலிஷ் போட்டுச் சரி செய்வார்கள். சரியானதும் அம்பைப் பிய்த்துவிடுவார்கள். அம்பு இல்லாத வண்டிதான் வெளியே போகும்.

இந்த வேலைக்கு வந்தவனால் வேறு எங்கேயும் சும்மா இருக்க முடியாது. வல்லக்கோட்டைக்குப் போனால் முருகனைப் பார்ப்பதற்கு முன்னால் கதவில் வார்னிஷ் வழிந்திருப்பது தெரியும். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் பேன்ட்டில் இஸ்திரி மடிப்பு இரண்டாக விழுந்திருப்பது தெரியும். தெரிந்ததைச் சொல்லாமலும் இருக்க மாட்டேன். என் மனைவி இதற்காக என்னைத் திட்டாத நாள் இல்லை. கம்பெனி ஸ்டிக்கரை வெளியே கொண்டுவரக் கூடாதுதான், ஆனால் சட்டைப் பையில் எப்போதும் அரை ரோல் கிடக்கும். துவைக்கும்போது அது அவள் புடவையில் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்குத் தனித் திட்டு. சாதாரணமாக இருக்கும்போது என்னை "இன்னாங்க" என்பாள். கோபம் வந்தால் 'ங்க' போய் 'யா' வந்துவிடும். தெருவில் எல்லோருக்கும் அது தெரியும்.

அவள் குன்றத்தூர்க்காரி. கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழியில், காலையில் பல் விளக்கி வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது பக்கமாக வழிந்து ரவிக்கையை நனைத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து அவள் மறுபடி கொப்பளித்தாள். மறுபடி வழிந்தது. பக்கத்தில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்த நான் அவளுக்கு முன்பே பார்த்துவிட்டேன். முகத்தின் இடது பாதி அசையவே இல்லை. பார்த்துவிட்டு, வாயில் பேஸ்ட் நுரையோடு ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.

டாக்டர் முகவாதம் என்றார். பக்கவாதம் இல்லை, முகத்துக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கிறது, மாத்திரையில் இறங்கும் என்றார். தெருவில் எல்லோரும் கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் காற்றைக் குற்றம் சொன்னார்கள். மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, கண்ணாடி முன் உட்கார்ந்து பலூன் ஊதும் பயிற்சி என்று ஆறு மாதம் போனது. முக்கால்வாசி சரியாகிவிட்டது. கண் மூடியது, சாப்பாடு வாயில் நின்றது. வாயின் இடது ஓரம் மட்டும் கீழே இறங்கியபடியே தங்கிவிட்டது. சிரித்தால் வலது பக்கம் மட்டும் மேலே போகும், இடது கண் கொஞ்சம் சுருங்கும்.

அவள் வேலைக்குத் திரும்பிப் போனாள். சமைத்தாள், சண்டை போட்டாள், மாடியில் இருக்கும் இரண்டு அறைகளுக்கும் வாடகைக்கு ஆள் பிடித்தாள். ஆனால் சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். பஸ்ஸில் இடது பக்க ஜன்னலோரம்தான் உட்காருவாள், அதாவது இந்த வியாதி வந்த இடம் என்று தெருவே சொன்ன அதே சீட். வீட்டில் டி.வி. பார்க்கும்போதும் எனக்கு இடது பக்கம் வந்துதான் உட்காருவாள். அப்படி உட்கார்ந்தால் அவளுடைய வலது கன்னம் மட்டும்தான் எனக்குத் தெரியும். போட்டோ என்றால் எழுந்து போய்விடுவாள். வேலூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கும் எங்கள் பெண், "அம்மா, உன் போட்டோ ஒண்ணு அனுப்பும்மா" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். இவள் வாசலில் போட்ட கோலத்தை அனுப்புவாள், இல்லை என்றால் அன்றைக்கு வைத்த மீன் குழம்பை.

இதில் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொங்கலன்று பானை பொங்கி வழிந்தபோது அவள் தன்னை மறந்து சிரித்தாள். நான் தெரியாமல் போனில் எடுத்துவிட்டேன். பிறகு ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து அந்தப் படத்தைச் சரி செய்தேன். அதற்கென்று ஆப் இருக்கிறது. இடது உதட்டைத் தூக்கினேன், கண்ணைத் திறந்தேன், வலது கன்னத்தைத் திருப்பி இடது பக்கம் வைத்தேன். ஒரு குறை இல்லை. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டு அவளிடம் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். "யாரு இது?" என்றாள்.

"நீதான்."

"இது நான் இல்ல" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள். அன்றிலிருந்து நான் கையில் போனோடு பக்கத்தில் போனாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவு பாடுபட்டிருக்கிறேன், ஒரு நல்ல வார்த்தை இல்லையே என்று இருந்தது.

கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது. ஆனால் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கூடவே இருந்தவளின் முழு முகத்தை என்னால் பார்க்கவே முடியவில்லை என்பது போகவில்லை. அவள் என் எதிரே உட்கார்ந்து என்னை நேராகப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

படம் வரைகிற யோசனை அப்படித்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் நன்றாக வரைவேன். இப்போதும் ஆயுத பூஜைக்கு எங்கள் செக்‌ஷன் போர்டில் சாக்பீஸால் சரஸ்வதி வரைவது நான்தான். போனில் ஒரு வீடியோவில் ஒருவர் ஆயில் பெயின்டிங்கில் முகம் வரையச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பழைய காலத்துப் பெரிய ஓவியர் ஒருவருடைய முகப்படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அதை அப்படியே பார்த்து வரையுங்கள், அது சொல்லித் தராததை என்னால் சொல்லித் தர முடியாது என்றார். போட்டோவைத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை, கையால் வரைந்தால் உட்காருவாள் என்று நான் கணக்குப் போட்டேன்.

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் போய், "உன்ன வரையட்டுமா? போட்டோ இல்ல. கையால, பெயின்ட்ல" என்றேன்.

நிமிராமல் சொன்னாள்: "மொதல்ல வேற யாரையாச்சும் வரைங்க. அது ஒழுங்கா வந்தா பாக்கலாம்."

மாட்டேன் என்று சொல்லவில்லையே. அதைப் பிடித்துக்கொண்டேன்.

வெளிநாட்டு மியூசியங்கள் பழைய படங்களைப் பெரிய அளவில் இன்டர்நெட்டில் போட்டு வைத்திருக்கின்றன. நூறு படம் பார்த்திருப்பேன். கடைசியில் நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் படத்தை எடுத்தேன். வரைந்தவர் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. கறுப்பு உடை, பின்னால் கறுப்பு, கழுத்தில் வெள்ளைக் காலர். முக்கால்வாசிப் படம் கறுப்பு என்பதால் முகம் மட்டும்தான் வேலை. சோம்பேறித்தனத்தில் எடுத்த முடிவு. அந்தம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். சிவந்த மூக்கு, தாடையில் ஒரு மச்சம், ஒரு கண் இமை மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது, வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது, தெரியாமல் இருக்குமா. ஆனால் அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் பிரின்ட் போடக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் இருந்தவர் படத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "தோற்றம், மறைவு தேதி ரெண்டும் சொல்லுங்கண்ணே, அஞ்சலின்னு போட்டுடறேன்" என்றார். வேண்டாம், அப்படியே போடுங்கள் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் வரிசையில் பின்னால் நின்றவர்கள் எனக்காக வருத்தப்பட ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டில் அந்தப் பிரின்ட்டை என் மனைவி கையில் வாங்கிப் பார்த்தாள். நான் நினைத்ததைவிட நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள்.

"யாரு இந்தம்மா?"

"தெரியல. வெளிநாடு. செத்து நானூறு வருசம் ஆயிருக்கும்."

"வாய் ஏன் இப்டி கீது?"

நான் பெயின்ட் ட்யூப்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். "வரைஞ்சவன் கை பிசகியிருக்கும்" என்றேன்.

"ஓ" என்றாள். பிரின்ட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஷீட் போட்ட ஒரு சின்ன இடம் இருக்கிறது. வடக்குப் பக்கம் திறந்திருக்கும். காலை ஷிப்ட் முடிந்து நாலு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன், ஆறு மணிவரை வெளிச்சம் இருக்கும். முதல் இரண்டு வாரம் எல்லாம் எனக்குத் தெரிந்த மாதிரிதான் இருந்தது. முதலில் பழுப்பு நிறத்தில் மட்டும் நிழலும் வெளிச்சமும் போட வேண்டும், அதன்மேல் மெல்லிசாக நிறம், அதன்மேல் கனமாக. காரிலும் அடியில் பிரைமர், நடுவில் நிறம், மேலே பளபளப்பு என்று வரிசை உண்டு. வித்தியாசம் காய்வதில்தான். கம்பெனியில் ஓவனுக்குள் போன பாடி அரை மணியில் காய்ந்து வந்துவிடும். இங்கே ஒரு பூச்சு காய ஒரு வாரம். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் கான்வாஸைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைத்தேன். எங்கள் தெரு முனையில் கிரஷரிலிருந்து டிப்பர் லாரி போகும். இரண்டே லாரிதான் போனது. திரும்பி வந்து பார்த்தால் அந்தம்மாவின் முகம் பூராவும் ஜல்லித் தூசி, நெற்றியில் ஒரு கொசு. பதினேழு வருஷம் ஒரு தூசிக்காக ஒரு ஷிப்டையே நிறுத்திச் சத்தம் போட்டவன், ஊசியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். துணி எடுக்க வந்த என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். முந்தானை வாயில் இருந்ததால் சிரிப்பை நான் கேட்டேன், பார்க்கவில்லை.

தோல் நிறம் கலக்குவதில்தான் உண்மையில் சிக்கினேன். கம்பெனியில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. சிவப்பு என்றால் இந்தச் சிவப்பு, அவ்வளவுதான். தோலுக்கு நம்பர் இல்லை. கன்னத்தில் சிவப்பு, நெற்றியில் மஞ்சள், தாடைக்குக் கீழே பச்சை, கண்ணுக்கடியில் நீலம். பச்சையா என்று நானும் நம்பவில்லை. ஷேவிங் கண்ணாடியை எடுத்து என் முகத்தைப் பார்த்தேன், இருந்தது. பிறகு டி.வி. பார்க்கும்போது என் மனைவியின் கன்னத்தைப் பார்த்தேன், அந்த வலது கன்னம்தான்.

"இன்னா அப்டி பாக்கறீங்க?"

"பச்சை தெரியுதான்னு பாக்கறேன்."

"எம் மூஞ்சில பச்சையா? போய் உங்க கண்ண டெஸ்ட் பண்ணுங்க" என்றாள்.

ஆனால் அவளும் தினமும் மேலே வந்தாள். துணி காயப் போட, துணி எடுக்க, தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க. வந்தால் என் முதுகுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நிற்பாள். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டாள். ஒரே ஒரு கேள்வியைத்தான் இரண்டு மூன்று தடவை கேட்டாள்: "வாய் எப்ப போடுவீங்க?"

"கடைசியா."

"சரி" என்று போய்விடுவாள். படத்தில் அவளுக்கு ஆர்வம் வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

வாயையும் போட்டு முடித்தேன். பிரஷ் போன தடம் எதுவும் தெரியாதபடி மெத்தென்ற பிரஷால் வருடி வருடி வழவழப்பாக்கினேன். நாலு வாரம், தூசி படாமல், மாடியில் வாடகைக்கு விட்ட ஒரு அறைக்குள் ஆணியில் மாட்டிக் காய விட்டேன். அந்த அறையில் குடியிருப்பவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். "அண்ணே, போட்டோ கணக்கால்லா இருக்கு. மூஞ்சில ஒரு கோடு கெடையாது. எங்க லைன்ல வந்தா ஒரே தடவைல பாஸ்" என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை.

படத்தைக் கீழே கொண்டுவந்து ஹாலில் மாட்டினேன். பக்கத்திலேயே பிரின்ட்டையும் ஒட்டிவைத்தேன், ஒப்பிட்டுப் பார்த்து அசந்து போகட்டும் என்று. "முடிஞ்சிது, பாரு" என்றேன். "பாக்கறேன்" என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள். மறுநாள் காலை நான் ஷிப்டுக்குப் போய்விட்டேன். அவளுக்கு அன்று வார லீவு.

சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டேன். என் படம் முழுக்கச் சிவப்பு அம்பு. என் ஸ்டிக்கர். எண்ணினேன், வேறு என்ன செய்வேன், பழக்கம். பதினொன்று.

"இது யார் வேலை?" என்று கத்தினேன்.

அவள் உள்ளேயிருந்து வந்தாள். "நான்தான்."

"இத்தினி குறையா கீது இதுல?"

"எதெது காணோமோ அங்கெல்லாம் ஒட்டினேன். வந்து பாருயா."

என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படத்துக்கு முன் நிறுத்தினாள். தாடையில் இருந்த அம்பைத் தொட்டாள். "இங்க ஒரு மச்சம் இருந்திச்சே, எங்க?" நான் பிரின்ட்டைப் பார்த்தேன், மச்சம் இருந்தது. என் படத்தைப் பார்த்தேன், வழவழவென்று தாடை. சத்தியமாகச் சொல்கிறேன், அதை விட்டுவிட வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. எந்த நாளில் விட்டேன் என்றுகூட ஞாபகம் இல்லை. அடுத்த அம்பு மூக்கில். அந்தச் சிவப்பு போய்விட்டிருந்தது. அடுத்தது இமை. தாழ்ந்திருந்த இமையை மற்ற இமைக்குச் சமமாகத் தூக்கியிருந்தேன். கழுத்துச் சுருக்கத்துக்கு மூன்று அம்பு, நெற்றித் தழும்புக்கு ஒன்று, கண்ணுக்கடியில் இருந்த பைகளுக்கு இரண்டு. ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் இரண்டு அம்பு மிச்சம். இரண்டும் வாயில்.

"இத எப்ப நிமித்தின?"

பிரின்ட்டில் இழுத்திருந்த வாய் என் படத்தில் அளவெடுத்து வைத்த மாதிரி நேராக இருந்தது.

"மொத நாளே பாத்தேன்" என்றாள். "அந்தம்மாவுக்கும் என்ன மாதிரியே வாய். நீ வேணும்னேதான் எடுத்தாந்தியோன்னு நெனச்சேன். கை பிசகிடுச்சுன்னு சொன்ன. சரி, வரையறச்ச இன்னா பண்றன்னு பாப்போம்னு தெனம் மேல வந்து பாத்துகினு இருந்தேன். எம் போட்டோவுக்குப் பண்ணதையே அந்தம்மாவுக்கும் பண்ணிட்டியேயா."

'யா' இருந்தது, கோபம் இல்லை. அப்படி ஒரு குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"வாய் கோணினது எனக்குப் பழகிப் போச்சு. நாலு வருசமா நீ என்னப் பாக்கறப்போ எல்லாம் எங்க அம்பு ஒட்டலாம்னு பாக்கற மாதிரியே கீது. அதான் பழகல."

டீ போடப் போய்விட்டாள். நான் ஷிப்ட் சட்டையோடு அங்கேயே நின்றேன். அவமானமாக இருந்தது. அவள் முகத்தைக் காட்டவில்லை என்று நாலு வருஷமாக நான் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். காட்டினால் நான் என்ன செய்வேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று அடுப்படிவரை போனேன். டீயை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் படத்தை மறுபடி மாடிக்கு எடுத்துப் போனேன். அவள் ஒட்டிய பதினோரு அம்பையும் அலுங்காமல் எடுத்து, பிரின்ட்டில் அதே இடங்களில் ஒட்டினேன். பிறகு ஒவ்வொரு அம்பாகப் பார்த்து, நான் அழித்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தேன். மச்சம் ஒரே நாளில் வந்துவிட்டது. இமைக்கு ஒரு வாரம். மூக்கின் சிவப்பு சுலபமாக வரும் என்று நினைத்தேன், நாலு தடவை துடைத்தேன். ஒன்று சரியானதும் அம்பை நான் பிய்க்கவில்லை. குறை சரியாகிவிட்டது என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள். துணி எடுக்க வருவாள், பார்ப்பாள், பிடித்திருந்தால் பிய்த்து உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டு போவாள்.

வாய்தான் கடைசி. கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். கோணல் வாய் என்றால் ஒரு கோட்டைச் சாய்த்துப் போட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இறங்கிய பக்கத்தில் உதடு கொஞ்சம் மெல்லிசாக இருக்கும், அதன் ஓரத்தில் ஒரு நிழல் தேங்கும், மற்ற பக்கத்துக் கன்னம் அதற்காகக் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும். அதையெல்லாம் வைக்க வைக்க, அந்தம்மா ஏதோ ஒரு சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. இத்தனை வாரமும் அது எனக்குத் தெரியவில்லை. நான் நிமிர்த்தி வைத்திருந்தபோது அங்கே ஒரு முகம் இருந்தது, ஆள் இல்லை. வரைந்தவர் கை பிசகவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவளை அவர் பார்த்தார், பார்த்தபடி வைத்தார். பிசகியது என் கைதான்.

மற்ற ஒன்பது அம்பும் போய்விட்டன. வாயில் இருந்த இரண்டும் பத்து நாள் அப்படியே இருந்தன. நான் இன்னும் கொஞ்சம் செய்வேன், அவள் வந்து பார்ப்பாள், போய்விடுவாள். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து மேலே போனபோது இரண்டும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் லீவு. காலை டிபன் முடிந்து நான் மேலே போய்ப் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். அதை எனக்கு எதிரே போட்டாள். வெளிச்சம் இடது கன்னத்தில் விழுகிற மாதிரி திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். நல்ல புடவை எதுவும் கட்டவில்லை, வீட்டுப் புடவைதான்.

"ம். வரைங்க" என்றாள்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தாள். முதல் அரை மணி நேரம் எனக்குக் கை ஓடவில்லை. நாலு வருஷத்துக்கு அப்புறம் அந்த முகம் முழுசாக என் எதிரே இருந்தது. இடது பக்கம் வலதைவிட இளமையாக இருந்தது. அந்தப் பக்கம் அதிகம் அசையாததால் அங்கே சுருக்கமே விழவில்லை. வலது பக்கம் நாற்பத்திரண்டு, இடது பக்கம் முப்பத்தெட்டு. அதைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை முந்தானைக்குப் போனது.

"அசையாதே" என்றேன்.

கை பாதியில் நின்று மடிக்குத் திரும்பியது. சிரிப்பு நிற்கவில்லை. வலது பக்கம் மேலே போக, இடது கண் சுருங்க, மூடாமல் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டர்பன்டைன் நெடி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். அவள் நம்பியிருக்க மாட்டாள்.

ஐந்தாவது ஞாயிறு பதினொரு மணிக்கு, முடிந்தது என்றேன். அவள் எழுந்து என் பக்கம் வந்து நின்றாள். இரண்டடி பின்னால் போனாள், தலையை ஒரு பக்கம் சாய்த்தாள், மறு பக்கம் சாய்த்தாள். நான் லைனில் நிற்கிற மாதிரியே. பிறகு கையை நீட்டினாள்.

"அந்த ஸ்டிக்கரக் குடுங்க."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரே ஒரு அம்பைப் பிய்த்து, பெயின்ட் ஈரமாக இருந்ததால் படத்தில் படாமல் கான்வாஸின் ஓரத்தில், வாய்க்கு நேராக ஒட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் தூக்கினு கீது."

அவள் முகத்தைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன். ஒரு அரிசி அகலம். இவ்வளவுக்குப் பிறகும் என் கை அந்த ஓரத்தைத் தூக்கித்தான் வைத்திருந்தது.

அவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் துணியால் அந்த ஓரத்தைத் துடைத்துவிட்டு, அவளைப் பார்த்தேன், பார்த்த இடத்தில் வைத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. அவள் எழுந்து வந்து பார்த்தாள். அம்பைப் பிய்த்தாள்.

"போன எடுங்க."

எடுத்தேன். படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஒதுங்கவில்லை, திரும்பவில்லை, முந்தானையைத் தொடவில்லை. நேராக என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு போட்டோ எடுத்தேன்.

"பாப்பாவுக்கு அனுப்புங்க. போட்டோ போட்டோன்னு கேட்டுக்கினே இருந்தாளே."

அனுப்புவதற்கு முன்னால் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என்னையும் அறியாமல் விரல் திரையின்மேல் போனது. அவள் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"எதையும் தொடாம அனுப்பு" என்றாள்.

அப்படியே அனுப்பினேன்.